பழைய கணினி, தூரத்துப் பிள்ளைகள்: வன்னியில் இணைய அழைப்புக்கு எந்த வழி?

ஸ்கைப் 2025 மே 5 ஆம் திகதியோடு நின்றுபோனது. அதே ஆண்டு ஒக்ரோபர் 14 ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்தது. புதுக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இவை இரண்டும் வெறும் செய்திகள். விசுவமடுவிலோ மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ, மகன் அனுப்பிய பழைய மேசைக் கணினியில் ஸ்கைப்பின் பச்சைப் பொத்தானை அழுத்த மட்டும் பழகியிருந்த ஒரு தாய்க்கு அப்படி இல்லை. அவர் பழகிய ஒரே வழி மூடிவிட்டது.

அப்படி ஒரு கணினி வீட்டில் இருந்தால் இனி என்ன செய்யலாம்? இருப்பதை அப்படியே வைத்துச் சமாளிக்கலாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். இணையத் தொலைபேசிக் கணக்கு ஒன்று எடுத்துச் சின்ன மென்பொருளால் கதைக்கலாம். கணினியையே விட்டுவிட்டுச் சாதாரண மேசைத் தொலைபேசியை ஓர் இடைக் கருவியால் ரவுட்டரில் பூட்டலாம். அல்லது மலிவான ஸ்மார்ட் போன் ஒன்றோடு முடித்துக்கொள்ளலாம். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதைப்பதற்காக மட்டும் புதுக் கணினி வாங்கத் தேவையில்லை. ஆனால் எல்லா வேலையையும் பழைய பெட்டியிடமே கேட்கவும் கூடாது. யார் கதைக்கப் போகிறார் என்பதை முதலில் பாருங்கள். பெட்டியின் வயதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், வன்னியில் ஓர் அழைப்பின் பெறுமதி வேறு. யுத்த காலத்தில் இங்கே தொலைபேசி இருக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகப் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய், காசு கொடுத்துத் தொலைபேசி எடுக்கும் கொமினிகேசன் கடை வாங்கிலில் காத்திருந்தவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் “நெற் சரியில்லை, நாளைக்குக் கதையுங்கோ” என்று சொல்வது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

பெட்டியின் வயது

வீடுகளிலும் சனசமூக நிலையங்களிலும் பெரும்பாலும் நான் காண்பவை மூன்று வகை. முதலாவது, பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, ஒரு ஜிபிக்கும் குறைந்த ரம் நினைவகம். இரண்டாவது, கோர் 2 டுவோ, விண்டோஸ் 7, இரண்டு ஜிபி. மூன்றாவது, முதல் சில தலைமுறைகளைச் சேர்ந்த ஐ3 அல்லது ஐ5, விண்டோஸ் 10, நான்கு ஜிபி.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 இல் முடிந்தது. குரோம் உலாவி அதில் 49 ஆம் பதிப்போடும் ஃபயர்பொக்ஸ் 52 ஆம் பதிப்போடும் நின்றுவிட்டன. இன்றைய தளங்கள் பயன்படுத்தும் குறியாக்க முறையே எக்ஸ்பிக்கு முழுதாகத் தெரியாது. அதோடு, தளங்களை நம்பலாமா என்று கணினி பார்க்கும் மூலச் சான்றிதழ்களும் அதில் பழசு. தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30 இல் காலாவதியானபோது, நல்ல தளங்களுக்கே பழைய கணினிகள் பல எச்சரிக்கை காட்டின. ஆகவே எக்ஸ்பிப் பெட்டியில் உலாவி வழி அழைப்பு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

விண்டோஸ் 7 இன் நிலை இவ்வளவு மோசமில்லை. ஆதரவு 2020 ஜனவரி 14 இல் நின்றது. குரோமின் 109 ஆம் பதிப்பும் ஃபயர்பொக்ஸின் 115 ஆம் நீட்டித்த பதிப்பும்தான் அதில் ஏறும் கடைசிப் பதிப்புகள். இரண்டுக்கும் ஒலி, ஒளி அழைப்பு எடுக்கத் தெரியும். ஆனால் சேவை நடத்துபவர்கள் பெரும்பாலும் அண்மைய சில பதிப்புகளுக்கே பொறுப்பெடுக்கிறார்கள். இன்று திறக்கும் பக்கம் அடுத்த மாதம் “உலாவியைப் புதுப்பிக்கவும்” என்று நின்றால் அதைச் சரிசெய்ய நமக்கு வழியில்லை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் அவசரப்படத் தேவையில்லை. வீட்டுப் பாவனைக்கான நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களுக்கு 2026 ஒக்ரோபர் 13 வரை பதிவுசெய்யலாம். விண்டோஸ் 11க்கு மாறலாமா என்றால், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. நம் பெட்டிகள் பலவற்றில் அவை இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை, டெலிகிராம் உள்ளே போகவில்லை என்றால், முதலில் திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். மதர்போர்ட்டில் இருக்கும் காசு அளவான சிஆர்2032 பட்டறி செத்துப்போனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கணினி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். திகதி பிழைத்தால் சான்றிதழ் பிழைக்கும். சான்றிதழ் பிழைத்தால் ஒன்றும் திறக்காது. கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் இது வழக்கமான கதை. கடையில் மலிவாக வாங்கும் ஒரு பட்டறியோடு முடியும் வேலைக்காக முழுக் கணினியையும் எறிந்த வீடுகள் உண்டு.

குரலுக்கு எவ்வளவு நெற் வேண்டும்?

மிகக் கொஞ்சம். இதை விளங்கிக்கொண்டால் பாதித் தீர்மானம் வந்துவிடும்.

பழைய தொலைபேசித் தரமான ஜி.711 முறையில் குரல் மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட். குரலைச் சுமக்கும் தரவுப் பொதிகளின் மேலுறைகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறக்குறைய 87. ஒரு மணி நேரம் கதைத்தால் இரண்டு திசைக்குமாக 80 எம்பி அளவில் போகும். ஜி.729 என்ற சுருக்கும் முறையில் குரல் 8 கிலோபிட்தான். மேலுறையோடு 31. ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பிக்குள் அடங்கிவிடும். 2012 இல் தரமாக வந்த ஓப்பஸ் முறை இன்னும் நல்லது. நெற் நன்றாக இருந்தால் தெளிவைக் கூட்டும், நலிந்தால் தானே இறங்கிக்கொள்ளும். உலாவி வழி அழைப்புகளில் ஓடுவது அதுதான். வீடியோவோ சுமாரான தரத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு 400, 500 எம்பி கேட்கும்.

ஆனால் அளவு மட்டும் போதாது, ஒழுங்காகவும் வர வேண்டும். ஒரு பக்கக் குரல் மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிசெக்கனுக்குள் எடுத்தால் கதை இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதற்கு மேலே போகப் போக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்வார்கள். கனடாவுக்குப் போகும் தூரமே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தை நாங்கள் வீட்டுக்குள் வீணாக்கக் கூடாது.

அதற்குச் செய்யக்கூடியது இதுதான்: பழைய லப்டொப்பின் வைஃபையை நம்பாமல், ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு நெற்வேர்க் கேபிள் இழுங்கள். பழைய கணினிகளில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்கும், இன்னும் வேலையும் செய்யும். 4ஜி ரவுட்டரைக் கணினி மேசையில் வைக்காமல், கைபேசிக் கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலில் உயரமாக வையுங்கள். கேபிள் நீளமாக இருக்கலாம், சிக்னல் குறையக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஊரே நெற்றில் இருக்கும் நேரத்தில் வீடியோவுக்கு ஆசைப்பட வேண்டாம். ரொறன்ரோ கோடை காலத்தில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. வேலை முடிந்து வந்த மகனும், கோலம் போட்டு முடித்த தாயும் ஆறுதலாகக் கதைக்கலாம். அந்த நேரத்தில் கோபுரத்திலும் நெரிசல் குறைவு.

இருக்கிறபடியே விடுவது

விண்டோஸ் 7 கணினியை மாற்றாமல் கதைக்க முடியுமா? முடியும். வட்ஸ்அப்பின் கணினிச் செயலி விண்டோஸ் 10க்குக் கீழே ஏறாது, சிக்னலும் அப்படியே. டெலிகிராமின் கணினிச் செயலி மட்டும் விண்டோஸ் 7ஐக் கைவிடவில்லை. ஒலி அழைப்பும் வீடியோவும் அதில் எடுக்கலாம். பதிவுசெய்ய ஒரு கைபேசி இலக்கம் வேண்டும்.

இன்னொரு வழி ஜிட்சி மீட். திறந்த மூல மென்பொருள், உலாவிக்குள்ளேயே ஓடும். அதன் பொதுத் தளத்தில் 2023 ஓகஸ்ட் முதல் அறையைத் தொடங்குபவர் ஒரு கணக்கால் உள்ளே போக வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்கு வேண்டாம். இது நமக்கு வசதிதான். மகன் அங்கே அறையைத் தொடங்குகிறான். தாயின் திரையில் அந்த அறையின் இணைப்பை ஒரு குறியாகப் போட்டுவிட்டால், அதைச் சொடுக்குவது மட்டும்தான் அவர் வேலை. அறைக்கு மற்றவர்கள் ஊகிக்க முடியாத நீண்ட பெயராக வையுங்கள், “அம்மா” என்று வைக்காதீர்கள். வீடியோ திணறினால் தர அமைப்பைக் கீழே இழுக்கலாம், குரல் மட்டும் என்றும் வைக்கலாம்.

இந்த வழியின் குறை பாதுகாப்பு. திருத்தங்கள் வராத விண்டோஸில் கதைப்பது வேறு, வங்கிக் கணக்குப் பார்ப்பது வேறு. வெளிநாட்டிலிருந்து காசு வரும் கணக்கை இந்தக் கணினியில் திறக்கவே வேண்டாம். அழைப்புக்கு மட்டும் என்று ஒதுக்கினால், இன்னும் கொஞ்சக் காலம் இப்படி ஓட்டலாம். நிரந்தர வழி என்று இதை நான் சொல்ல மாட்டேன்.

லினக்ஸ் போடுவது

64 பிட் செயலியும் குறைந்தது இரண்டு ஜிபி ரம்மும் இருந்தால் என் தெரிவு இதுதான். கோர் 2 டுவோ எல்லாம் 64 பிட். லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகு பதிப்பு இப்படியான கணினிக்குப் பொருந்தும். 2029 வரை திருத்தங்கள் வரும், காசு இல்லை. உலாவி எப்போதும் புதியதாகவே இருக்கும். கூகிள் மீட், ஜிட்சி எல்லாம் முணுமுணுக்காமல் திறக்கும். டெலிகிராமுக்கும் வைபருக்கும் லினக்ஸ் செயலிகள் உண்டு. வைபர் என்றால் முதலில் கைபேசியில் கணக்கு இருக்க வேண்டும். வட்ஸ்அப்புக்கு லினக்ஸில் சொந்தச் செயலி இல்லை. உலாவியில் எழுத்தும் படமும் பார்க்கலாம், அழைப்பை நம்பி அதில் திட்டம் போடாதீர்கள்.

போடுவதற்கு முன் யுஎஸ்பியிலிருந்து நேரே ஓட்டிப் பார்க்கலாம். இருக்கிற விண்டோஸைத் தொடாது. அப்படி ஓட்டி மைக், ஸ்பீக்கர், கமெரா மூன்றையும் சோதியுங்கள். ஒரு பரிசோதனை அழைப்பு எடுங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் பதியுங்கள். பழைய வைஃபை அட்டைகள் சிலவற்றுக்கு லினக்ஸில் இயக்கி மென்பொருளைத் தனியாகப் போட வேண்டி வரும். மேலே சொன்ன கேபிள் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. எக்ஸ்பி காலத்துச் சீடி தொலைந்துபோன யுஎஸ்பி கமெராக்கள் சில, விண்டோஸ் 10இல் எழும்பாதவை, லினக்ஸில் தானாக எழும்பி நிற்பதையும் கண்டிருக்கிறேன்.

கையில் கொஞ்சக் காசு இருந்தால் அதை ரம்மிலும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றிலும் போடுங்கள். கழற்றிய பழைய ரம் வவுனியாக் கடைகளிலும் யாழ்ப்பாணத்திலும் தேடினால் அகப்படும். டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று பார்த்து வாங்க வேண்டும், மாறிப் போட முடியாது. இரண்டு ஜிபியில் குரல் ஓடும், உலாவியில் இரண்டு தாவல் திறந்தாலே மூச்சு வாங்கும். நான்கு ஜிபியும் எஸ்எஸ்டியும் என்றால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஸூம் வகுப்பையும் உலாவியில் பார்க்கலாம். ஆனால் கோர் 2 டுவோவுக்கு வீடியோவைச் சுருக்கும் வன்பொருள் உதவி கிடைக்காது, முழுச் சுமையும் செயலியின் தலையில்தான். உயர் தர வீடியோவை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பென்டியம் 4 வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸும் பெரிய ஆறுதல் இல்லை. லினக்ஸின் பெரிய வகைகள் இப்படியான பழைய 32 பிட் கணினிகளைக் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவி இல்லை. ஆன்ட்டிஎக்ஸ் போன்ற இலகுவானவற்றைப் போடலாம், ஆனால் இன்றைய உலாவியின் பாரத்தை அந்தச் செயலி தாங்காது. அந்தப் பெட்டிக்கு அடுத்த வழிதான்.

உலாவியே இல்லாத அழைப்பு

எஸ்ஐபி என்பது இணையத் தொலைபேசிக்கான பொதுத் தரம். 2002இல் வந்த அதே அடிப்படையில்தான் இன்றும் ஓடுகிறது. அதனால்தான் பழைய கணினிக்கு இது பொருந்துகிறது. மைக்ரோசிப் என்றொரு மென்பொருள் இருக்கிறது. சில மெகாபைட் அளவுதான், விண்டோஸில் ஓடும், உலாவி எடுக்கும் ரம்மில் சிறு துண்டுகூட எடுக்காது. லின்ஃபோன் என்பது இன்னொன்று. கைபேசி, விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் உண்டு, இலவசக் கணக்கும் தருகிறது. தாய்க்கு ஒரு கணக்கு, மகனுக்கு ஒரு கணக்கு. மகன் தன் கைபேசியில் லின்ஃபோன் வைத்திருக்கிறான், தாய் பழைய கணினியில் மைக்ரோசிப் வைத்திருக்கிறார். இணையத்திலிருந்து இணையத்துக்கு என்பதால் நிமிடக் கட்டணம் இல்லை.

தொல்லை எங்கே வரும் என்றால், ஒரு பக்கக் குரலில். தாய் கதைப்பது மகனுக்குக் கேட்கும், மகன் கதைப்பது தாய்க்குக் கேட்காது. கைபேசி வலையமைப்பில் பலர் ஒரே வெளி முகவரியைப் பகிர்வதால் குரல் பொதிகளுக்குத் திரும்பி வர வழி தெரியாமல் போவதுதான் காரணம். மென்பொருள் அமைப்பில், அந்த வெளி முகவரியைக் கண்டறியும் ஸ்டன் என்பதைப் போடுங்கள். இணைப்பை யுடிபியிலிருந்து டிசிபிக்கு அல்லது டிஎல்எஸ்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று இருந்தால் அணையுங்கள். இந்த மூன்றில் ஒன்றில் பெரும்பாலும் சரிவந்துவிடும். இதைச் செய்ய ஊரில் ஒரு பொடியனோ பிள்ளையோ உதவிக்கு வேண்டும். ஒரு தரம் செய்தால் போதும், பிறகு தொடத் தேவையில்லை.

கணினியை விட்டு மேசைத் தொலைபேசிக்கு

தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இந்த வழியைத்தான். ஏடிஏ என்று அழைக்கப்படும் உள்ளங்கையளவு பெட்டி ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் ரவுட்டரின் நெற்வேர்க் கேபிள், மறுபக்கத்தில் சாதாரண மேசைத் தொலைபேசி. கணினியில் மைக்ரோசிப் செய்த வேலையை இந்தப் பெட்டியே செய்கிறது. திரை இல்லை, சொடுக்கி இல்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. மணி அடிக்கும், எடுத்துக் கதைக்கலாம்.

கிராண்ட்ஸ்ட்ரீம் போன்ற பெட்டிகளில் ஓர் அமைப்பு இருக்கிறது: ரிசீவரைத் தூக்கினாலே, குறித்து வைத்த ஓர் எண்ணுக்குத் தானாக அழைப்புப் போகும். கண் மங்கிய, எண்களை அழுத்தச் சிரமப்படும் ஒரு தாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? தூக்கினால் மகன். சில விநாடி தாமதம் வைத்தால், வேறு எண் அழுத்த விரும்புபவர்களுக்கும் இடமிருக்கும். பல பிள்ளைகள் பல நாட்டில் என்றால் 1 மூத்தவன், 2 மகள், 3 இளையவன் என்று சுருக்கெண் போடலாம். லண்டனில் எத்தனை எண், பாரிஸில் எத்தனை எண் என்று கொப்பியைத் தேட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் ரொறன்ரோ இலக்கம் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, அதை இந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடவும் முடியும். அங்கே இருக்கும் சித்தி, மாமா எல்லாரும் உள்ளூர் எண்ணுக்கு எடுப்பது போல எடுப்பார்கள், மணி ஒட்டுசுட்டானில் அடிக்கும். இலங்கைக் கைபேசி இலக்கத்துக்கு நேரே வரும் அழைப்புக்குப் போகும் நிமிடக் கட்டணம் மிச்சமாகும்.

வாங்கும்போது கவனம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவரும் பழைய பெட்டிகள் சில, வொனேஜ் போன்ற ஒரு சேவைக்கே பூட்டப்பட்டவை. பூட்டில்லாதது என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் 4ஜி ரவுட்டரின் பின்னாலேயே ஒரு தொலைபேசித் துளை இருக்கலாம். அது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த அழைப்புச் சேவைக்கானது, உங்கள் எஸ்ஐபிக் கணக்குக்கு உதவாது. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். மாற்றாத பெட்டிகளைத் தேடிப் பிடித்து, அடுத்தவர் காசில் நாடு நாடாக அழைப்பு எடுக்கும் கூட்டம் உலகம் முழுக்க உண்டு. பணம் கட்டி வெளி எண்களுக்கு எடுக்கும் கணக்கு என்றால் முற்பணம் மட்டும் போடுங்கள், தானாக நிரப்பும் வசதியை நிறுத்தி வையுங்கள்.

கரண்ட் கணக்கிலும் இந்த வழிக்குக் கிட்ட ஒன்றும் வராது. மேசைக் கணினியும் திரையும் சேர்ந்தால் நூறு வாட்டைத் தாண்டும், சாதாரண யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது. ரவுட்டரும் ஏடிஏயும் சேர்ந்து பதினைந்து வாட் அளவுதான். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன டிசி யுபிஎஸ்ஸில் மணிக்கணக்காக ஓடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது பட்ட பாட்டை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். மேசைத் தொலைபேசி கம்பியுள்ளதாக இருக்கட்டும். கம்பியில்லாததன் அடித்தட்டுக்குத் தனிக் கரண்ட் வேண்டும்.

ஸ்மார்ட் போன் ஒன்று போதாதா?

பலருக்குப் போதும். வட்ஸ்அப், வைபர் இரண்டும் கைபேசிக்காகவே பிறந்தவை, பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள், பேரப்பிள்ளையின் முகத்தையும் பார்க்கலாம். அதற்கு மேல் நான் வாதாட வரவில்லை. ஆனால் கைநடுக்கமும் காது மந்தமும் உள்ளவர்களுக்குத் தொடுதிரை ஒரு தண்டனை. எடுக்கப் போய் வெட்டிவிடுவார்கள். அப்படியானால் போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, பழைய கணினியின் ஸ்பீக்கரை அதில் பூட்டிவிடுங்கள். மலிவான வேலை, கேட்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

எந்த வழியில் கணினியால் கதைத்தாலும் மைக் பற்றி ஒரு சொல். பழைய கணினியில் இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு, பச்சை காதுக்கு. போனோடு வந்த ஹெட்செட்டின் ஒற்றை முனையில் இரண்டும் சேர்ந்திருப்பதால் அதைப் பச்சையில் குத்தினால் கேட்கும், கதைத்தால் போகாது. பிரிக்கும் சின்ன வயர் ஒன்று வாங்க வேண்டும், அல்லது யுஎஸ்பி ஹெட்செட் எடுக்க வேண்டும். நான் யுஎஸ்பியைச் சொல்வேன். அதற்குள்ளேயே ஒலி அட்டை இருப்பதால், பழைய மதர்போர்ட்டின் இரைச்சலும், சரியாக எர்த் இல்லாத வீட்டு வயரிங்கின் ‘ம்ம்ம்’ சத்தமும் அதில் ஏறாது. ஸ்பீக்கரும் தனி மைக்கும் வைத்தால் மறுபக்கத்தில் இருப்பவருக்குத் தன் குரலே திரும்பிக் கேட்கும்.

எந்த வீட்டுக்கு எது

முத்தையன்கட்டுப் பக்கம் தனியாக இருக்கும் தாய் தகப்பனுக்கு ஏடிஏயும் மேசைத் தொலைபேசியும். கணினியை அதற்காக வைத்திருக்க வேண்டாம். படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் லினக்ஸ் மின்ட்டும் உலாவியும், கூட ஒரு யுஎஸ்பி ஹெட்செட். பிள்ளை படிக்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் குடும்பம் கதைக்கலாம். பென்டியம் 4 மட்டும்தான் இருக்கிறது, வேறு வாங்க வழியில்லை என்றால், குரலுக்கு மைக்ரோசிப்பின் பழைய பதிப்பை முயன்று பாருங்கள். அந்தக் கணினியில் வேறு எதையும் இணையத்தில் செய்யாதீர்கள்.

சனசமூக நிலையம் அல்லது மாதர் சங்கம் என்றால் கதை வேறு. பலர் வந்து போகும் இடம் என்பதால் ஒருவரின் கணக்கில் இன்னொருவர் இருந்துவிடக் கூடாது. லினக்ஸில் விருந்தினர் கணக்கைத் திறந்து, ஒவ்வொருவரும் ஜிட்சி இணைப்பால் கதைத்துவிட்டு வெளியேறினால் கணினியில் ஒரு தடயமும் மிஞ்சாது. மூலையில் ஒரு திரைச்சீலை போடுங்கள். காணாமல் போனவரைப் பற்றி, காணி பற்றி, கலியாணம் பற்றி வெளிநாட்டோடு கதைப்பவருக்குத் தனிமை வேண்டும். அதை நெற் வேகத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

ஆனால் அங்கே இணைய அழைப்பைச் சிம் பெட்டியால் உள்ளூர் இலக்கங்களுக்கு மாற்றிக் காசு வாங்கும் வேலைக்கு யார் கேட்டாலும் இடம் கொடுக்காதீர்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அது குற்றம். வீட்டுக்கு வீடு கதைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த வழிகளில் ஒன்றையும் பொலிஸை அழைக்கும் 119க்கோ 1990க்கோ நம்ப வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. அதைக் கூப்பிட ஒரு சாதாரண கைபேசி, காசு இல்லாவிட்டாலும் சார்ஜ் உள்ளதாக, பக்கத்தில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கக் காலத்தில் வானம் இருண்டால் ரவுட்டர், ஏடிஏ, கணினி மூன்றையும் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். செப்புக் கம்பியில் வரும் இணைப்பு என்றால் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும்.

கடைசியாக, டெலிகிராமோ வைபரோ வட்ஸ்அப்போ, எந்தக் கணக்கு எந்தச் சிம் இலக்கத்தில் பதியப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ரீலோட் போடாமல் விட்ட சிம் ஒரு நாள் துண்டிக்கப்பட்டு, அந்த இலக்கம் வேறொருவருக்குப் போய்விடும். கணினியை மாற்றும் நாளில் உறுதிப்படுத்தும் எண் அந்தச் சிம்முக்குத்தான் வரும். அந்தக் கொப்பியின் ஒரு படத்தை வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடமும் கொடுத்து வைத்தால், இங்கே கணினி பழுதானாலும் மீண்டும் இணைப்பை ஏற்படுத்த அங்கிருந்தே உதவலாம்.